கிணறு ஊறிவிட்டது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் எழுதுகிறேன். பனியன் ஷெட்டில் செக்கிங் டேபிள்மேல் தாளை வைத்து இரண்டு வரி எழுதுவதும், எழுந்துபோய் மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பதும், திரும்பி வந்து எழுதியதை அடிப்பதுமாகக் காலையிலிருந்து இதே பிழைப்பு. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விசயத்த மொதல்ல எழுதுங்க. வேணுங்கறதப் பொறவு சேத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளகோவில் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உன் ஒயின் பாட்டில்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒன்றும் உடையவில்லை, ஒரு தக்கையும் கழன்றுவிடவில்லை. ஆனால் ஒரு பாட்டிலில்கூட லேபிள் இல்லை. அத்தனையும் ஊறிக் கூழாகிப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்தவுடனே, "பையர் டிக்கெட் போடப் போறாருங்கப்பா, அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்தே வாரோம்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் பார்சிலோனாவில் குளிரா என்று கேட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். அங்கே மழை உண்டா என்றுகூடக் கேட்டேன். மீட்டர் பாட்டுக்கு ஓடியது, கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. வெளியே வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் பாட்டில்களை நம்பி நீ எதையெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் திருப்பூர் வந்து பனியன் ஆர்டர் கொடுக்கிற உன் ஸ்பெயின் பையர் அவற்றை எடுத்துக்கொள்வார். ஈடாக உன் சொந்த யூனிட்டுக்கு மெஷின் இறக்கித் தருவார். முதல் ஆர்டரும் அவருடையதாகவே இருக்கும். இன்னொருவர் கம்பெனிக்காக நீ சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவது உன் கல்யாணத்தோடு முடியும். இதுதானே திட்டம்? குறை சொல்ல முடியாத திட்டம். ஓட்டை என் பக்கத்தில்தான் இருந்தது.

முதல் பாட்டிலை நீ கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பெயினில் ரியோஹா என்கிற பகுதியில் செய்த சிவப்பு ஒயின் என்று சொல்லி மேஜைமேல் வைத்தாய். நமக்கு ஒயின் என்றால் சர்ச்சில் திருவிருந்தின்போது பாஸ்டர் கிண்ணத்தைச் சாய்க்கையில் உதட்டில் படுகிற அளவுதான். உன் அம்மா அதைத் தொடவே மாட்டேன் என்றாள். "சர்ச்சுல குடுக்கறது வேற கண்ணு, ஊட்டுல வெக்கறது வேற. ஒறம்பரை சனம் வந்து பாத்தா என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். "இது குடிக்கறதுக்கு இல்லீங்கம்மா, வெக்கறதுக்கு" என்றாய் நீ. குடிக்காமல் வைத்திருக்க ஒயின் எதற்கு என்று நான் கேட்டதற்குப் பொறுமையாக விளக்கினாய். ஓக் மரப் பீப்பாயில் சில வருடம், பாட்டிலில் சில வருடம் என்று செய்தவனே அதை அடைகாத்துத்தான் வெளியே விடுவானாம். லேபிளில் 'கிரான் ரிசர்வா' என்று இருந்தால் அப்படி நெடுநாள் காத்திருந்த சரக்காம். எல்லா வருடமும் ஒன்றல்லவாம். அறுபத்து நாலு, எண்பத்திரண்டு, தொண்ணூற்று நாலு என்று திராட்சை நன்றாக விளைந்த வருடங்களுக்குத் தனி மரியாதையாம். உலகத்தில் எங்கேயோ யாரோ ஒரு பாட்டிலைத் திறந்து குடிக்கக் குடிக்க, திறக்காமல் கிடக்கிற பாட்டிலுக்கு விலை ஏறுமாம். நம் பக்கம் வயதானால் காங்கேயம் காளைக்கே விலை இறங்கிவிடும், இது என்னடா கூத்து என்று நான் கேலி செய்தேன். ஆனால் நீ பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பு நீ எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாய்.

அங்கே ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்திய பெரியவர் கடையை மூடியபோது, நிலவறையில் கிடந்த பழைய பாட்டில்களை உனக்குக் காட்டிக் கொடுத்ததே அந்தப் பையர்தான். அன்று அவருக்கே வாங்க மனம் வரவில்லை. நீ உன் சம்பளத்தைப் பிடித்துப் பிடித்து வாங்கினாய். இன்றைக்கு அந்த வருடத்துச் சரக்கைத் தேடி அவர் அலைகிறார் என்று நீ சொல்லும்போது எனக்கு மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். அதில் ஒன்று நீ பிறந்த வருடத்து ஒயின். "இது விக்கறதுக்கு இல்லீங்கப்பா, என்ற கல்யாணத்துக்கு" என்று தனியாக எடுத்துக் காட்டினாய். உன் அம்மா முதல் தடவையாகத் தொட்டது அந்த ஒரு பாட்டிலைத்தான்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். அங்கேயே வாடகைக்கு நிலவறை கிடைக்கும், பாட்டில் அங்கே இருக்கும், சான்றிதழ் கையில் இருக்கும் என்று நீ சொன்னாய். ஒரே பிடியாக மறுத்தவன் நான். அந்தச் சமயத்தில் நம் கோயம்புத்தூர் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பார். தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்று மரப்படம் போட்ட பத்திரம் கொடுத்தவர்கள், வட்டியை அள்ளித் தருகிறோம் என்று பைனான்ஸ் திறந்தவர்கள், எத்தனை பேர் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நம் ஷெட்டில் ஓவர்லாக் ஓட்டிய டைலர் ஒருவர், தன் பெயரில் வளர்கிற தேக்கைப் பார்க்கப் பஸ் ஏறிப் போய், கல்லாங்காட்டைப் பார்த்துவிட்டு வந்து மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான், "கண்ணுல பாக்காதது சொத்து இல்ல கண்ணு, கையில கொண்டா" என்றேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் கஸ்டம்ஸ் விடுகிற அளவுக்கு ஒன்றிரண்டாக, கூட வந்தவர்கள் பையிலும் கெஞ்சி வைத்து, பழைய பனியனில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தாய். இந்த ஒயினுக்கு ஆட்டமும் சூடும் ஆகாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும், அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காகக் கொண்டுவந்தாய்.

நான் அவற்றை ஷோகேஸில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வரிசையாக நிற்க வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். "படுக்க வெக்கோணுங்கப்பா, இல்லாட்டித் தக்கை காஞ்சுரும். வெளிச்சமும் ஆகாது, இந்தச் சித்திரை வெயிலும் ஆகாது" என்றாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குடியிருக்கிறவன் குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் எனக்குத் தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. ஆமாம், அதுவும் என் யோசனைதான்.

அந்தத் தோட்டத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் தாத்தா வாழ்நாளெல்லாம் பண்ணையாளாக வேலை பார்த்த தோட்டம் அது என்று உனக்குத் தெரியும். அந்தக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தவர் அவர்தான். ஆனால் இறங்கி ஒருநாளும் அவர் குடித்ததில்லை. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிப்பார். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று உன்னிடம் சொல்லாமல் விட்டேன். தோட்டத்துக்காரரின் மகன் அதை விற்கிறார் என்று தெரிந்ததும் நான் போய் நின்றேன். அந்த மனிதர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "கெணறு செத்துப்போச்சுங்க. போர் போட்டும் பாத்தாச்சு, பொகைதான் வந்துது. வாய்க்காத் தண்ணி இந்தக் கடைமடைக்கு வாரதே இல்லீங்க. தெரிஞ்சு வாங்குங்க" என்றார். தெரிந்துதான் வாங்கினேன். தண்ணீர் இல்லாத காட்டை எதற்கு வாங்கினீர்கள் என்று உன் மாமன் கேட்டான். எனக்கு வேண்டியிருந்தது, வாங்கினேன்.

தண்ணீர் இறங்க இறங்க அவர்கள் மோட்டாரையும் கீழே கீழே இறக்கிக்கொண்டே போயிருந்தார்கள். கடைசியாகக் கிணற்றின் அடியை ஒட்டிப் பாறையைக் குடைந்து, இரும்புக் கதவு போட்டு ஒரு மோட்டார் ரூம். அதுவும் வறண்டபின் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நீ தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்படியில் இறங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இதவிட நல்ல எடம் கெடைக்காதுங்கப்பா" என்று மேலே பார்த்துக் கத்தினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்துப் பூட்டும்போது, "தண்ணி கிண்ணி வந்துட்டா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். நான் சிரித்தேன். "செத்த கெணறு கண்ணு. செத்தது எந்திரிச்சு வருமா?" என்றேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள் பேசுகிற பேச்சா அது என்று உன் அம்மா இப்போது குத்திக் காட்டுகிறாள்.

நடுவில் எழுந்துபோய்விட்டேன். ஒரு டைலரை வீணாகச் சத்தம் போட்டுவிட்டு வருகிறேன். இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது.

இந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. வாய்க்காலையும் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கடைமடை வரை வந்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஃபோன் செய்தார். கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நானும் உன் அம்மாவும் பஸ் பிடித்தோம். கிணற்று மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டது. நாலு பக்கப் பாறையிலிருந்தும் ஊற்று பீறிட்டு விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கப் படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாரு அம்மணி, மோட்டார் ரூமே முழுகிப்போச்சு பாரு!" என்று அவள் தோளைப் பிடித்து ஆட்டிக்கொண்டு சிரித்தேன். எவ்வளவு ஆழம் ஊறியிருக்கிறது என்று அந்த இரும்புக் கதவை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். கதவு தெரியாமல் போனபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பே இல்லை, கண்ணு. சத்தியமாக இல்லை. அப்புறம் படியில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். கலங்கல் தண்ணீர், வாயெல்லாம் மண். இன்னொரு கை அள்ளிக் குடித்தேன். என் வயதுக்கு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, நீ பிறந்த அன்றைக்குக்கூட. இதை எழுதக் கூடாதோ என்னவோ, எழுதிவிட்டேன்.

தோட்டத்தை விற்றவரும் அன்று வந்தார். "தண்ணி வந்துருச்சாமா. பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "குடுத்து வெச்சவிய நீங்க" என்றார். அவருடைய அப்பா என் அப்பாவிடம் ஒரு 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, உள்ளுக்குள் இனித்தது என்பதும் உண்மை.

அடுத்த நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த உன் அம்மா திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, பையன்ற பொட்டி!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து உன் மாமனை வரவழைத்தேன். வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆயில் இன்ஜின் வெச்சு எறச்சுப்போட்டா எடுத்துப்போடலாமுங்க மாமா" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஊறுன தண்ணியவா எறைக்கச் சொல்றே?" என்று கத்தினேன். அவன் பயந்து பின்னால் போய்விட்டான். மூழ்கி எடுக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் நாட்கள் போய்விட்டன. ஒவ்வொரு பாட்டிலாக அவர்கள் மேலே கொடுக்கக் கொடுக்க, உன் அம்மா துடைத்துப் புல்மேல் படுக்க வைத்தாள். பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடி மட்டும் மினுங்கியது. எது எந்த வருடம், எது யார் செய்தது, ஒன்றும் தெரியவில்லை. அன்றே இறைத்திருந்தால் லேபிள் பிழைத்திருக்கும். நான் இறைக்க விடவில்லை.

லேபிள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உனக்குப் பால் வாங்கிக் கொடுத்ததே லேபிள்தான். கழுத்துப்பட்டையில் வெள்ளைக்காரன் பேரை வைத்துத் தைத்துத்தான் இந்த ஷெட்டைப் போட்டேன். அதே துணி, அதே தையல். லேபிளை வெட்டிவிட்டால் காதர்பேட்டையில் குவித்து வைத்துக் கூவி விற்கிற சட்டை அது. இதைத்தான் உன் மாமனும் பிடித்துக்கொண்டான். திருப்பூர்க் கம்பெனிகளுக்கெல்லாம் டேக் அடித்துக் கொடுக்கிறவன் ஆயிற்றே. "இதுக்கு எதுக்குங்க வெசனப்படறீங்க? சட்டையில லேபிள் பிஞ்சா வேற தைக்க மாட்டமா? உள்ள இருக்கறது அதே சரக்குதானுங்களே. மாப்பிள்ளை எடுத்த போட்டோ ஆல்பத்தக் குடுங்க, அச்சு அசலா அடிச்சுத் தாரேன்" என்றான். அவன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. நீ ஒவ்வொரு பாட்டிலையும் படம் எடுத்து ஒட்டி வைத்திருந்த ஆல்பத்தைத் தூக்கி அவன் கையில் நானேதான் கொடுத்தேன்.

அடித்துக்கொண்டு வந்தான். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. டீ டிக்காஷனில் தோய்த்துக் காயவைத்துப் பழுப்பேற்றி, ஓரத்தை நகத்தால் சுரண்டி, நீயே வந்து பார்த்தாலும் ஒரு நிமிடம் ஏமாந்திருப்பாய். எந்தப் பாட்டிலுக்கு எது என்றுதான் தெரியவில்லை. தக்கையில் வருடம் அடித்திருக்கும் என்று நீ ஒருமுறை சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒன்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குடைந்து எடுத்தோம். எண்பத்திரண்டு என்று இருந்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது, எந்த வருடம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பாட்டிலை இழக்க வேண்டும் என்று. உன் மாமன் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். உன் அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "புளித்தண்ணியாட்ட இருக்குது. இதுக்காடா எம்பட பையன் இத்தன பாடுபட்டான்?" என்றாள்.

நல்ல பாட்டில்களைச் சுற்றி மெல்லிய தங்கநிறக் கம்பிவலை இருக்கிறதே, லேபிள் அதற்கு அடியில் அல்லவா இருந்தது? வலையை வெட்டாமல் புது லேபிளை உள்ளே ஒட்ட முடியாது. போலிச் சரக்கை உள்ளே ஊற்றி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் வலை போட ஆரம்பித்தார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். மாமன் கட்டிங் பிளேயரை என் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான். வெட்டிவிட்டு அப்புறம் முறுக்கிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு கம்பியைப் பிளேயரின் பல்லில் கவ்வியும்விட்டேன். அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்து பயறு நேம்பிக்கொண்டிருந்த உன் அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். லேபிள் கட்டைப் புரட்டி, நீ பிறந்த வருடம் போட்டதை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இத எதுல ஒட்டுவீங்க?" என்றாள்.

நான் ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

"அதுதானா அது?"

"ஆருக்குத் தெரியும் அம்மணி? ஒண்ணுல ஒட்டோணுமல்லோ."

"அவனப் பெத்தவ நானுங்க. எந்த வருசம்னு எனக்குத் தெரியும். ஏதோ ஒரு பாட்டல்ல அந்த வருசத்த ஒட்டி, அவன் கல்யாணத்துல அவன் கையிலயே குடுக்கப் போறீங்களாக்கும்? செத்த கெணத்தச் செத்துதுன்னு சொல்லித்தானுங்களே அவிய நம்மளுக்கு வித்தாங்க?"

உன் மாமன் ஏதோ பேச வாயெடுத்தான். "நீ சும்மா இருடா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், சோமனூர் பஸ்ஸில் எதற்கென்று தெரியாமல் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பி வந்தேன். ஆனால் பிளேயரை மறுபடி கையில் எடுக்க முடியவில்லை. மாமன் அடித்த லேபிள்களை எல்லாம் நானே கொண்டுபோய்த் தண்ணீர் காயவைக்கிற அடுப்பில் போட்டுவிட்டேன். டிக்காஷன் வாசனையோடு எரிந்தன.

ஆக, நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை உன் தலையில்தான் கட்டுகிறேன். பையர் டிக்கெட் போடுவதற்கு முன்னால் நடந்ததை அவரிடம் சொல்லிவிடு. இங்கே வந்து கண்ணால் பார்த்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம். அவர் முகம் சுண்டிப் போகும், தெரியும். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார். கம்பிவலை அறுபடாமல் இருக்கிறது, ஒரே ஒரு கம்பியில் மட்டும் பிளேயர் பட்ட தடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடு. அப்பாதான் செய்தார் என்றே சொல். எனக்கு அதில் வெட்கம் இல்லை. இல்லை, இருக்கிறது, இருந்தாலும் சொல்.

புத்தி சொல்வதற்காகத்தான் அப்பன்மார் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவார்கள். எனக்குச் சொல்ல இருக்கிற புத்தி ஒன்றே ஒன்று. இனிமேல் என் பேச்சை இப்படிக் கேட்காதே. நிலவறையில் வைக்கிறேன் என்று நீ சொன்னபோது, "உங்களுக்கு இது தெரியாதுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் குதித்திருப்பேன், மறுநாள் அடங்கியிருப்பேன். தண்ணீர் வந்துவிட்டால் என்று கேட்டாயே, அதை இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். உன்னை அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அந்த அடக்கத்துக்கு என்ன விலை என்று இப்போதுதான் பார்க்கிறேன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமாவது எதிர்த்துப் பேசப் பழகு. அவளையும் உன்னை எதிர்த்துப் பேச விடு. உன் அம்மாவைப் பேச விட்டதால்தான் நான் அன்று தப்பித்தேன்.

யூனிட்டை நீ தள்ளிப்போட வேண்டாம். என் ஷெட்டை எடுத்துக்கொள். பழைய மெஷின்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஓடுகிறது. டைலர்கள் என் சத்தத்துக்குப் பழகினவர்கள், உன் மெதுவான பேச்சைக் கேட்டால் கோயில் கட்டுவார்கள். கரண்டு கனெக்ஷன், வாடகை எல்லாவற்றையும் உன் பேருக்கு மாற்றுவதற்கு ஆளைப் பார்த்துவிட்டேன். உன் அம்மா இன்னொன்றும் சொன்னாள். தண்ணீர் வந்தபின் அந்தத் தோட்டத்துக்குக் கேட்கிற விலை கிடைக்கும், அதை விற்றால் பையன் புது மெஷினே இறக்கலாம் என்றாள். அவள் சொல்வது சரிதான். நான் மூன்று நான்கு நாள் அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தேன். தோட்டத்துக்குப் போனேன், வரப்பில் உட்கார்ந்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், விற்றுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. நல்ல அப்பனாக இருந்தால் எடுத்துக்கொள் கண்ணு என்று இந்த இடத்தில் எழுதியிருப்பான். என்னால் எழுத முடியவில்லை. என்னிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே. ஷெட்டை உன்னிடம் விட்டுவிட்டு நானும் உன் அம்மாவும் அங்கே போய்விடுகிறோம். மிளகாய் நாற்று சொல்லி வைத்தாகிவிட்டது.

உன் பாட்டில்கள் இப்போது நெல் உமி போட்ட மரப்பெட்டியில், கட்டிலுக்கு அடியில், நீ சொன்னபடி படுத்துக்கொண்டிருக்கின்றன. உன் வருடத்துப் பாட்டில் அவற்றில் ஒன்றுதான். எது என்று நான் தேடப் போவதில்லை.

பையர் வந்தாலும் சரி, நீ தனியாக வந்தாலும் சரி, கோயம்புத்தூரில் விமானம் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேராகத் தோட்டத்துக்கு வா, நாங்கள் அங்கேதான் இருப்போம். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் கிணற்றைப் பார். படியில் இறங்கு. ஒரு கை அள்ளிக் குடி. மண் எல்லாம் இப்போது படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. அதற்கப்புறமும் உனக்கு என்மேல் கோபம் இருந்தால், மேலே ஏறி வந்து வாய்க்கு வந்தபடி திட்டு. இத்தனை வருடம் நீ என் பேச்சைக் கேட்டாய். அன்றைக்கு ஒரு நாள் நான் உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்கிறேன்.

உன் வருகைக்காக வரப்பில் நிற்கிற
அப்பா